பலகைத் தரையில் இரண்டு மிதி

குறி பிறழாக் கோமகளே! மூச்சை அடக்கி முனையை நிறுத்திய முதல்வியே! மண்டியிட்டும் படுத்தும் நின்றும் மூன்று நிலைகளிலும் முத்திரை பதித்த மூத்தவளே! எங்கள் மகளிர் ரைபிள் அணியின் அன்பு அக்காவே! வணக்கம்.

இந்தப் பிரியாவிடை மடலை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சுடுதளத்தில் உங்களுக்கு அடுத்த தடத்தில் ஆண்டுக்கணக்காக நின்று சுட்டவள் நான் என்பதுதான் காரணம். அடைமொழிகளை அடுக்க எனக்கும் தெரியும், அடுக்கவும் செய்வேன். ஆனால் அக்கா, பாராட்டுக்கு முன்னால் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதையும் இதிலேயே போட்டுவிடுகிறேன். வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, உங்களையே பார்த்தபடி நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேன். ஏன் இப்படி வாசிக்கிறேன் என்பது இந்த அரங்கில் பலருக்குத் தெரியாது. சொல்கிறேன்.

பொறுமையின் புகலிடமே! மனம் ஒப்பாத குண்டைச் சுடாதே, துப்பாக்கியை இறக்கு, மூச்சு விடு, மறுபடி தூக்கு என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் ஓதியவர் நீங்கள். விறைத்த கித்தான் ஜாக்கெட்டுக்குள் வியர்த்து நின்ற எங்களுக்குக் கொக்கி மாட்டிவிட்ட கை உங்கள் கை. முதல் போட்டியிலேயே தோற்றுக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுத இளையவளை வெளியே இழுத்து வந்து, "அழுதது போதும், போய்த் துப்பாக்கியைத் துடை, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டவரும் நீங்கள்தான். அவள் அன்று சிரித்துவிட்டாள்.

இவ்வளவு நல்ல மனுஷிக்கு ஒரு குறை சொன்னோம். பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். 'ராங்கி அக்கா' என்று இளையவர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். பயிற்சியாளர் ஐயாவும் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நான் சொல்றதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

அப்புறம் வந்தது அந்தப் பன்னாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. நால்வர் எஞ்சியிருந்தீர்கள். ஒருவர் வெளியேற வேண்டும், மற்ற மூவருக்கும் பதக்கம். புள்ளியில் மூன்றாம் இடத்தில் நீங்கள். நடுவர் "லோட்" என்றார், எல்லாரும் குண்டை ஏற்றினீர்கள். சுடச் சொல்லும் "ஸ்டார்ட்" கட்டளை வருவதற்குள் அந்த அமைதியில் ஒரே ஒரு வெடிச் சத்தம். உங்களுடையது. விதிப்படி அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். பதக்கம் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை. பத்திரிகைகள் உங்களை அவசரக் குடுக்கை என்றன. ரைபிள் சங்கத்தார் விளக்கம் கேட்டபோது, "அவசரப்பட்டுட்டேன்" என்று ஒரே சொல்லில் முடித்தீர்கள். துப்பாக்கியை இறக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கா அவசரம்? எங்களுக்கு நம்ப முடியவில்லை.

உண்மையைப் போட்டு உடைத்தவள் உங்கள் செல்ல மகள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே, நம் சுடுதளத்துக்கு, வந்திருந்தாள். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, பாப்பா வந்திருக்கா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, கத்தினா அம்மாவுக்குக் கேக்காது. இப்படிக் கூப்பிடணும்."

சொல்லிவிட்டு இந்தப் பலகைத் தரையில் காலால் இரண்டு மிதி மிதித்தாள். தரை அதிர்ந்ததும் நீங்கள் உடனே திரும்பினீர்கள். மகளைப் பார்த்து மலர்ந்த முகம், எங்களைப் பார்த்ததும் வாடிவிட்டது.

அன்றுதான் சொன்னீர்கள். தொடக்க காலத்தில் காதில் வெறும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுட்டதையும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றதையும், எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டதையும் சொன்னீர்கள். "ஸ்டார்ட்" என்ற சொல் உங்கள் காதில் விழுந்தே பல வருடம் ஆயிற்றாம். "உன் தோள் அசையாம அடங்கினா கட்டளை வந்தாச்சு, நான் சுடலாம்னு அர்த்தம்டி" என்றீர்கள். என் தோள், அக்கா! இத்தனை காலமும் என் தோளைப் பார்த்துத்தான் சுட்டீர்களா? இறுதிச் சுற்றில் உங்கள் பக்கத்தில் நின்றவள் வேற்று நாட்டுக்காரி. கட்டளைக்கு முன்பே குறி வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். அவள் தோள் அடங்கியது, நீங்கள் சுட்டுவிட்டீர்கள்.

இதுதான் என் சண்டை. ஏன் சொல்லவில்லை? ஒரு விளக்குச் சைகையோ கைச் சைகையோ வேண்டும் என்று சங்கத்தின் வாசலில் உட்கார்ந்தாவது கேட்டிருக்க மாட்டோமா? "சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கடி. இது இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அவசரக்காரி என்ற பெயரை ஒரு பாவமும் அறியாமல் சுமந்தீர்களே என்று இப்போதும் வயிறு எரிகிறது.

வலக்காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இனியும் சுட்டால் அதுவும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "பாப்பா குரலாவது மிஞ்சட்டும்" என்று துப்பாக்கியைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். துடைத்ததையே மறுபடியும் துடைத்துவிட்டுக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இதையெல்லாம் ஊரறியச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "நான் போற அன்னிக்குச் சொல்லு" என்றீர்கள். இன்று சொல்லிவிட்டேன். நம் அக்கா அவசரக்காரி அல்ல. முன்வரிசையில் பயிற்சியாளர் ஐயா, அன்று சொன்ன அந்தச் 'சங்கு' உறுத்த, தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். நீங்கள்தான் போய் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

எங்கள் அணியின் அணிகலனே! ஆறாத் துயரோடு உங்களை அனுப்புகிறோம். நோய் நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க! மகளின் மழலையும் சண்டையும் கல்யாணப் பேச்சும் கேட்டுக் கேட்டு உங்கள் வலக்காது வாழ்க!

வாசித்து முடித்ததும் நாங்கள் கைதட்டப் போவதில்லை. பாப்பா முதலில் தொடங்குவாள். அவளோடு நாங்களும் ஐயாவும் இந்த அரங்கில் உள்ள அத்தனை பேரும் இந்தப் பலகைத் தரையில் இரண்டு முறை மிதிப்போம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அக்கா. இனி யார் தோளையும் நீங்கள் பார்க்க வேண்டாம்.

கண்ணீருடன்,
உங்கள் பக்கத்துத் தடத்துக்காரியும்
மகளிர் ரைபிள் அணித் தோழியர் அனைவரும்