முதல் ஆணி

கேத்துரா: வாங்கும்போது குலுக்கிப் பார்த்தியா?

சாம்சன்: பார்த்தேம்மா. உள்ள தண்ணி இருக்கு.

கேத்துரா: போன வருஷமும் இதையேதான் சொன்னே. உடைச்சா அழுகல்.

சாம்சன்: டெல் அவீவ்ல தேங்காய் கிடைக்கிறதே பெரிசு. விக்கிறவன் இதை எப்படித் திங்கிறதுன்னு என்கிட்டயே கேட்கிறான்.

கேத்துரா: அவல் ஊறிடுச்சு. அஞ்சு பழம் எங்க?

சாம்சன்: வாழை, ஆப்பிள், பேரீச்சை, மாதுளை...

கேத்துரா: நாலு.

சாம்சன்: கொய்யாவும் வாங்கினேன். வர்ற வழியில...

கேத்துரா: தின்னுட்டியா! எலியாஹு நபிக்குப் படைக்கிற பழத்தை!

சாம்சன்: பசிச்சுதும்மா. பாலைவனத்துல ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப் பாரு.

கேத்துரா: முப்பத்துமூணு வயசுக் கழுதை. நீ போர்லேர்ந்து உயிரோட வந்ததுக்குத்தான்டா வருஷா வருஷம் இதைப் படைக்கிறேன். அதையே வழியில தின்னுட்டு வந்து நிக்கிறே.

சாம்சன்: எதிர்வீட்டு ஜோஹ்ரா மாமிகிட்ட ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வரேன், விடு.

கேத்துரா: அப்புறம் போ. முதல்ல அரிவாள்மணையை எடு.

சாம்சன்: நாம இந்த நாட்டுல வந்து இறங்கின அன்னைக்கு இதை ஏர்போர்ட்ல பார்த்துட்டு ஒருத்தன் போலீஸைக் கூப்பிட்டானே...

கேத்துரா: இது என்ன ஆயுதம்னு கேட்டான். எனக்கு ஹீப்ரூ ஒரு வார்த்தை தெரியாது. தரையில உட்கார்ந்து சும்மாவே துருவிக் காட்டினேன். நீ தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே.

சாம்சன்: பின்ன? புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு நட்டநடுக் கூடத்துல உட்கார்ந்தா? பத்து வயசு எனக்கு. மானம் போச்சு.

கேத்துரா: போச்சு, போச்சு. துருவு.

சாம்சன்: அம்மா... மில்கா சித்தி லெட்டர் போட்டிருந்தாங்களே.

கேத்துரா: ம்.

சாம்சன்: டைனாவுக்குக் கல்யாணம்.

கேத்துரா: படிச்சேன். டிசம்பர்ல. வாழ்த்து அட்டை ஒண்ணு வாங்கிக் கொடு, அனுப்பிடலாம்.

சாம்சன்: தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு அட்டையா?

கேத்துரா: வேற என்ன? இந்தப் பாலைவனத்து டிமோனாவுல கிடைக்கிறது அதான்.

சாம்சன்: பம்பாய்க்குப் போயிட்டு வாயேன்.

கேத்துரா: என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கா?

சாம்சன்: பிளேன்ல உட்கார்ந்துட்டுதானே போகப்போறே.

கேத்துரா: அவளோட டோங்ரி வீட்டுக்கு மூணு மாடி ஏறணும்.

சாம்சன்: சித்தி இப்ப கீழ் வீட்டுக்கு வந்துட்டாங்க. அவங்களே சொன்னாங்க.

கேத்துரா: உன்கிட்ட எப்படி சொன்னா?

சாம்சன்: ...போன்ல பேசினேன்.

கேத்துரா: எப்ப?

சாம்சன்: அடிக்கடி இல்ல. மருதாணி வைக்கிற அன்னைக்கு அக்கா பக்கத்துல இருக்கணும்னு அழறாங்க.

கேத்துரா: அவ பிறந்ததுலேர்ந்தே அழுகுணி. செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா? கறிவேப்பிலை இப்பதான் ஒரு முழம் வந்திருக்கு.

சாம்சன்: மாமி ஊத்துவாங்க.

கேத்துரா: அவளா? போன தடவை கீரைன்னு நினைச்சு பாதியைப் பறிச்சுக் குழம்புல போட்டா.

சாம்சன்: நல்லா இருந்துச்சாமா?

கேத்துரா: நல்லா இருந்ததுன்னுதான் மறுபடியும் கேட்டா... சிரிக்காதே. விசா வேற வாங்கணும். இந்த வயசுல யாரு அலையறது?

சாம்சன்: போன மாசம் ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டியே.

கேத்துரா: அது கரண்ட் ஆபீஸ் காகிதம்.

சாம்சன்: தேங்காய் அழுகலில்லம்மா, பாரு.

கேத்துரா: டேய்.

சாம்சன்: கரண்ட் ஆபீஸ்ல போட்டோ கேட்பாங்களாம்மா? யோசிக்க வேணாமா நீ?

கேத்துரா: திருட்டுப்பய. யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணே?

சாம்சன்: டிக்கெட்டும் எடுத்தாச்சு. சட்டைப்பையில இருக்கு.

கேத்துரா: திருப்பிக் கொடுத்துடு.

சாம்சன்: ஏம்மா? எனக்கு நிஜமாவே புரியல. நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப நீ எப்படி இருந்தே? பம்பாய்லேர்ந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவே விடல. பத்து வருஷம் கட்டிலுக்கு அடியில கட்டினது கட்டினபடி கிடந்தது. உள்ள குடை வேற.

கேத்துரா: பம்பாய் மழைக்குக் குடை வேணாமா?

சாம்சன்: மேசை வாங்கலாம்னு அப்பா சொன்னா, போகப்போற வீட்டுக்கு மேசை எதுக்கும்பே. சுவத்துல ஒரு ஆணி அடிக்க விட்டியா? என் பள்ளிக்கூடச் சான்றிதழை மாவுப்பசை போட்டு ஒட்டினே.

கேத்துரா: பல்லி வந்து நக்கிட்டுப் போச்சு.

சாம்சன்: ஜன்னலுக்கு வெளியே மண்ணைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பே. ஜூன் மாசம் வந்தா போதும். இந்நேரம் அங்க மழை பிடிச்சிருக்கும்னு ஆரம்பிச்சுடுவே. தகரக் கூரை, கருவாடு வாசம், யூத ஜெப ஆலயத்துச் சந்துல முழங்கால் தண்ணி...

கேத்துரா: செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடப்போம். மில்காவுக்கு இடுப்பு வரைக்கும் வரும். என் முந்தானையை விடவே மாட்டா.

சாம்சன்: பார்த்தியா. சொல்லும்போதே குரல் மாறுது.

கேத்துரா: நீதானே ஆரம்பிச்சே.

சாம்சன்: கடைசியில அப்பா சரின்னார். போர் முடிஞ்ச மறு வருஷம். ஞாபகம் இருக்கா? வா, எல்லாரும் திரும்பிடலாம்னார். நீதான் மாட்டேன்னுட்டே. அவர் சாகிற வரைக்கும் அவருக்கும் புரியல.

கேத்துரா: டிக்கெட்டைக் கொடு, பார்க்கலாம். கண்ணாடி எங்க... போறதுக்கு மட்டும்தான் இருக்கு?

சாம்சன்: ஆமா.

கேத்துரா: திரும்பி வர்றதுக்கு?

சாம்சன்: தேதி தெரியலையேன்னு...

கேத்துரா: என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

சாம்சன்: ...எடுக்கலம்மா. அப்பா போயிட்டார். நான் எங்கேயோ தள்ளி அஷ்டோத்ல இருக்கேன். இங்க உனக்கு யாரு இருக்கா? அங்கேயே தங்கணும்னு தோணிச்சுன்னா தங்கிக்கட்டும்னுதான்...

கேத்துரா: என்னைக் கழட்டிவிடப் பார்த்தியா?

சாம்சன்: அப்படிச் சொல்லாதே. நீ எங்களுக்காகத்தான் இங்க கிடந்தே. எனக்குத் தெரியும்.

கேத்துரா: உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வீட்டுல முதல் ஆணி எப்ப அடிச்சேன், சொல்லு.

சாம்சன்: கடிகாரத்துக்கு. நான் போர்லேர்ந்து வந்தப்ப மாட்டியிருந்தது. நான் வந்த சந்தோஷத்துல அடிச்சேன்னு நினைச்சேன்.

கேத்துரா: நீ வர்றதுக்கு முந்தின நாள் அடிச்சேன்.

சாம்சன்: அன்னைக்கு நான் இருக்கேனா இல்லையான்னே உங்களுக்குத் தெரியாதே.

கேத்துரா: தெரியாது. பத்து நாளா ஒரு தகவலும் இல்ல. சத்தம் கேட்டு ஜோஹ்ரா ஓடி வந்தா. உன் போட்டோவை மாட்டத்தான் ஆணி அடிக்கிறேன்னு நினைச்சு மாரில அடிச்சுக்கிட்டா. அப்பா என் கையிலேர்ந்து சுத்தியலைப் பிடுங்கினார். புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சிருப்பார்.

சாம்சன்: நீ சொல்லலையா அவர்கிட்ட?

கேத்துரா: நேர்ந்துக்கிட்டதை வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க.

சாம்சன்: என்ன நேர்ந்துக்கிட்டே? இந்த அவலும் பழமும்தானே?

கேத்துரா: அவலும் பழமும் காய்ச்சலுக்குக் கூடத்தான் நேர்ந்துக்குவோம்.

சாம்சன்: அப்ப?

கேத்துரா: பெரிசாக் கேட்டா பெரிசாக் கொடுக்கணும். என்கிட்ட வேற என்ன இருந்தது? பெட்டியைப் பிரிச்சேன். குடையை ஜோஹ்ராவுக்குக் கொடுத்தேன், வெயிலுக்குப் பிடிச்சுக்கட்டும்னு. கடிகாரத்தை மாட்டினேன். இவனைக் கொடு, ஊரை எடுத்துக்கோன்னேன். மறுநாள் சாயங்காலம் நீ கதவைத் தட்டினே... துருவுடா. ஓட்டைச் சுரண்டாதே, கறுப்பு விழும்.