குழியில் கிடைத்த பால்கோவா டப்பாக்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி அவர்களே, ஜெபத்தோடு தொடங்கிவைத்த போதகர் சாம்சன் ஐயா அவர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கடையடைத்து வந்திருக்கும் பால்கோவா வியாபாரிகளே, வணக்கம். முன்வரிசையில் இருக்கும் ஜெபா அக்கா, உங்கள் கணவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர் எபனேசர்! இந்த ராஜபாளையத்தில் ஒன்பது ஆண்டுகள் அவரோடு ஒரே பட்டறையில் நின்றவள் நான். சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கில் டப்பா செய்தோம். என்ன பயன்? மதுரை பஸ்ஸில் ஏற்றுவதற்குள் மூடி அப்பளமாய் நொறுங்கியது. அதில் ரப்பரைக் கலந்து வளையவைத்தவர் யார்? எபனேசர்! டப்பாவைத் தரையில் போட்டு மேலே ஏறி நின்று, "ஏட்டி பிரிஸ்கில்லா, நீயும் ஏறுட்டி, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தவர் யார்? அதே எபனேசர்! அந்த உழைப்பில் பொய் இல்லை. யார் முன்னாலும் சொல்வேன்.

ஆனால் வியாபாரிகளே, என்ன சொல்லி உங்களை வாங்கவைத்தோம்? மண்ணில் போட்டால் ஆறு மாதத்தில் மக்கிவிடும் என்றுதானே? நீங்கள் வந்தபோதெல்லாம், புதைத்த இடத்தைத் தோண்டிக் காட்டினாரே! வெறும் மண்தானே இருந்தது! உங்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேனே!

இன்று காலை அவர் நினைவாக மரக்கன்று நட, பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டினோம். ஒரு டப்பா வந்தது. இன்னொன்று வந்தது. கூடை நிறைய வந்தது. கழுவிவிட்டு நாளைக்கே பால்கோவா அடைக்கலாம், அப்படி இருந்தன. மண்வெட்டியோடு நின்ற எங்கள் மிஷின் ஆபரேட்டர் சந்தனம் அழுதுவிட்டார். "அண்ணன்தான் பொதைச்ச எடத்துலருந்து ராத்திரியோட எடுத்து இங்கன மாத்திப் பொதைக்கச் சொன்னாவ. ஒங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னாவ" என்றார்.

எனக்கு மட்டும்! ஏன் அண்ணே? உரக்கிடங்கின் சூட்டில்தான் மக்கும், வெறும் மண்ணில் மக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டுவிட்டா போயிருப்பேன்? சேர்ந்து வேறு வழி தேடியிருக்க மாட்டேனா? உங்கள் பேச்சை நம்பிக் கடை கடையாய் ஏறிச் சத்தியம் செய்தேனே! உங்கள் உடலைப் பார்த்து அழுததைவிட அந்தக் கூடையைப் பார்த்துத்தான் அதிகம் அழுதேன்.

அடுத்து மௌன அஞ்சலி. நானும் எழுந்து நிற்பேன், கூடப் பிறக்காவிட்டாலும் அவர் என் அண்ணன். அதற்கு முன் ஓர் உறுதி. நாளை முதல் எங்கள் டப்பாவில் 'மண்ணில் மக்கும்' என்ற முத்திரை இருக்காது. வாங்கியதைத் திருப்பித் தந்தால் மறுக்காமல் எடுத்துக்கொள்வோம். ஆனால் வேலை நிற்காது. புதுக் கலவையில் வரும் முதல் டப்பாவை அந்த மரக்கன்றுக்குப் பக்கத்தில் உங்கள் முன்னால் புதைப்பேன். தோண்டும் நாளிலும் உங்களை அழைப்பேன். மண்வெட்டியை உங்கள் கையில்தான் கொடுப்பேன்.