நீலப்பெட்டிக்கு நற்சான்று

தாங்கள் தந்த காப்பியில் ஏலக்காய் சற்று மிகுதி, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. இன்னும் வாயில் வைக்கவில்லை, மணமே சொல்கிறது. விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஒருவனுக்கு இவ்வளவு ஏலக்காய் இடுவது தங்கள் வளர்ப்பைக் காட்டுகிறது. இங்கே மேசைமேல் இருக்கட்டும்.

என் பெயர் யாகூப். நெடுங்காலம் பள்ளியில் அரபு இலக்கணம் கற்பித்தேன். அதனால் என்னை எல்லோரும் உஸ்தாத் என்றே அழைப்பர். ஓய்வு பெற்றபின் ‘பாலைவெளித் தோழர்கள்’ என்னும் இணையமன்றத்திற்கு நெறியாளரானேன். குளிர்காலம் பிறந்தால் நம்மவர்க்கு நகரத்தில் கால் தரிக்காதல்லவா, பாலைவெளியில் கூடாரம் அடிக்கப் புறப்பட்டுவிடுவோம். எந்தக் கூடாரத் துணி மழைக்குத் தாங்கும், எந்தக் கயிறு வடகாற்றில் அறாது, எந்தக் கணப்பு குறைந்த வாயுவில் நெடுநேரம் எரியும் என்பனவற்றையெல்லாம் அங்கே பேசுவர். கடைக்காரர் சொல்லை நம்பாதவர்கள் அம்மன்றத்தின் சொல்லை நம்பினர்.

அந்நம்பிக்கைக்கு அடித்தளம் ஐயமே. வணிகர் எவரும் மன்றத்துள் நுழையலாகாது என்னும் விதியை எழுதியவன் நான். ஒருவர் ஒரு பொருளைச் சற்று மிகையாகப் புகழ்ந்துவிட்டால், அடுத்த நொடியே, “எந்தக் கடைக்காரன் உனக்குச் சோறு போட்டான்?” என்று நால்வர் கேட்பர். ஒவ்வொருவரும் மற்றவரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். என்னை எவரும் முகர்ந்து பார்த்ததில்லை. வேலி நிற்கிறது என்ற துணிவில்தானே பயிர்க்காரன் உறங்குகிறான்.

ஷுவைக் கடைத்தெருவில் கூடாரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்று என் மருமகன் காஸியுடையது. பெயர்ப்பலகையில் அவனுடைய கூட்டாளியின் பெயரே இருக்கும். நான் அவனிடமிருந்து கைநீட்டிக் காசு வாங்கியதில்லை என்பதைத் தாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் ஒரே மகள் அவனோடு வாழ்கிறாள். கடை தழைத்தால் அவள் தழைப்பாள். ஒரு தந்தை வேறென்ன செய்வான்?

நான் செய்தது ஒன்றே. உம்மு ரீம் என்ற பெயரில் ஓர் உறுப்பினரை உண்டாக்கினேன். கணவனை இழந்தவள், ஒரே பெண்குழந்தை, சொந்தக் கையால் கூடாரம் அடிப்பவள். அவள் எப்போதும் ஒரு குறையைச் சொல்லிவிட்டே ஒன்றைப் புகழ்வாள். அதனால் அவளை யாரும் ஐயுறவில்லை. பெருநாள்தோறும் அவளுக்கு வந்து குவியும் வாழ்த்துகளைப் பார்த்து நான் மகிழ்ந்ததுண்டு.

சென்ற பருவத்தில் காஸி ஒரு வாயுக் கணப்பை வரவழைத்தான். நீல நிறத் தகர உறை. நீலப்பெட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. “கைப்பிடி மட்டும் சுடுது, துணி சுத்திக்கணும். மத்தபடி என் பொண்ணு போர்வைய உதறிட்டுத் தூங்கறா” என்று உம்மு ரீம் எழுதினாள். பாலைவெளி எங்கும் நீலப்பெட்டி ஆயிற்று.

பிறகு பூ தலால் எழுதினார். மிஷாரி என்பது அவர் இயற்பெயர். தலாலின் தந்தை என்பதால் பூ தலால். போக்குவரத்து அலுவலகத்தில் பணி. மன்றத்தில் பழையவர், அதிகம் பேசாதவர்.

“மக்களே, நீலப்பெட்டி வாங்காதீங்க. கூடாரத்த மூடின கொஞ்ச நேரத்துல என் வீட்டுக்காரிக்குத் தலை சுத்தி வாந்தி வந்துடுச்சு. சுடர் மஞ்சளா எரியுது. உள்ள காத்து கெட்டா அது தானா அணையணும். அணையவே இல்ல.”

அதனைப் படித்ததும் நான் அந்தப் பதிவை நீக்கவில்லை. அப்படி நீக்குவது அநீதி. உம்மு ரீம்தான் அதன்கீழ் எழுதினாள்: “பூ தலால் அண்ணன்மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா போன வியாழக்கிழமை அவர் இன்னொரு ஹீட்டர் கடையில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்ததப் பாத்தேன். நான் ஒண்ணும் சொல்லல.”

பொய்யன்று, ஐயா. அவர் அங்கே இருந்ததை நானே காரிலிருந்து கண்டேன். வேறொரு கணப்பைத் திறந்து காட்டச் சொல்லி, அதன் உள்ளுறுப்பையும் நீலப்பெட்டியின் உள்ளுறுப்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னர் தெரிந்தது.

மாலைக்குள் மன்றம் அவரைக் கிழித்துவிட்டது. “டீயோட நிறுத்தினாங்களா, பிரியாணியும் உண்டா?” என்றான் ஜர்ராஹ். அவன் வேடிக்கைக்காரன்; எல்லோரும் அவன் பின்னால் சிரிப்பர். நான் நெறியாளர் என்ற முறையில், “சான்று கிடைக்கும்வரை எவரையும் பழித்தல் ஆகாது” என்று எழுதி, அவருடைய பதிவை விசாரணைக்காக ஒதுக்கிவைத்தேன். நடுநிலையான சொல் ஐயத்தைத் தணிப்பதில்லை. அதற்கு முத்திரை குத்திவிடுகிறது. இது எனக்குத் தெரியும். அவருடைய திவானியாவிற்கு அந்த வாரம் விருந்தினர் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். மாலைதோறும் ஆடவர் கூடிப் பேசும் அவ்வறை வெறிச்சோடினால் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஆயினும் அவர் ஓயவில்லை. இரண்டு கணப்புகளையும் பிரித்துப் படம் எடுத்திருப்பதாகவும், விரைவில் மற்ற மன்றங்களில் வெளியிடப்போவதாகவும் எனக்கே தனிமடல் அனுப்பினார். என்னை நம்பித்தான் அனுப்பினார்.

ஆகவே, ஜர்ராஹையும் மூத்தவர்கள் மூவரையும் உடன் அழைத்துக்கொண்டு, புதிய நீலப்பெட்டி ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொண்டு, சமாதானம் பேச அவருடைய திவானியாவிற்குச் சென்றேன். அவர் எழுந்து வந்து என் நெற்றியில் முத்தமிட்டார். தம் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் வாங்கித் தரையில் வைத்தேன்.

“குடிங்க உஸ்தாத், ஆறிடும்.”

“ஆறட்டும் பூ தலால். எனக்கு ஒரு தேவை இருக்கு.”

அவர் கோப்பையைப் பார்த்தார். கேட்டதைத் தருவதாக வாக்குக் கிடைக்காமல், விருந்தினன் காப்பியைத் தொடாமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு எத்தகைய இழுக்கு என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன தேவைன்னு சொல்லுங்க உஸ்தாத். சொல்லாமலே எப்படி…”

“சொன்ன பிறகு குடுத்தா அதுக்குப் பேரு வியாபாரம்” என்றான் ஜர்ராஹ். “உனக்கு வியாபாரத் தொடர்பே இல்லேன்னு சொல்றியே? உஸ்தாத் உன் வாசல் தேடி வந்திருக்கார்.”

பூ தலாலின் முகம் சிவந்தது. “சரி. குடிங்க. கேட்டது கிடைச்சாச்சு.”

குடித்தேன். பிறகு சொன்னேன்: பதிவைத் திரும்பப் பெற வேண்டும், படங்களை அழித்துவிட வேண்டும், இந்தப் பரிசை ஏற்று, வெள்ளிக்கிழமை ஸுபிய்யாப் பாலைவெளியில் நாம் போடும் கூட்டு முகாமில் தம் கூடாரத்திலேயே ஏற்றிவைக்க வேண்டும். மனக்கசப்பு இல்லை என்று எல்லோரும் காணட்டும்.

“உஸ்தாத், இதத் தவிர வேற எதக் கேட்டாலும் தர்றேன்.”

“நான் குடிச்சிட்டேன், பூ தலால்.”

அவர் வாக்குத் தவறாதவர். வெள்ளியன்று மனைவி ஹுஸ்ஸாவுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வந்தார். மழை பெய்து ஓய்ந்து, வடகாற்று எலும்பைத் துளைத்தது. நீலப்பெட்டியைத் தாமும் மனைவியும் உறங்கும் கூடாரத்தில் ஏற்றினார். பிள்ளைகளை வேறு கூடாரத்தில், தம் பழைய கணப்போடு படுக்கவைத்தார். பரிசு தந்தவன் கண்முன்னே அவ்வாறு செய்தது என்னைச் சற்றுப் புண்படுத்தியது என்பதை மறைக்கமாட்டேன்.

உணவு முடிந்து ஆடவர் நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அவருடைய கூடாரத்தின் வாசல்துணி ஒரு முழம் அளவு திறந்து, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஜர்ராஹ்தான் முதலில் கண்டான்.

“என்ன பூ தலால், வாசல் திறந்து கிடக்கு? வாக்கு உள்ள, மூக்கு வெளியவா?”

எல்லோரும் சிரித்தனர். பூ தலால் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான், “காற்று நல்லதுதான், திறந்தே இருக்கட்டும்” என்று ஒரு சொல் சொல்வேன் என எதிர்பார்த்தார் போலும். தேர்வு எழுதும் மாணவன் ஆசிரியரை அவ்வாறு பார்ப்பான். விடை சொல்லித்தருவது முறையன்று.

“பாதி மூடின வாசல் பாதி குடுத்த வாக்கு மாதிரி” என்றேன்.

அவர் எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துத் துணியை இறக்கினார். அதன் ஓரத்தில் கல்லும் வைத்தார். “நல்லா இருங்க உஸ்தாத்” என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

காலையில் அவருடைய மகள் பால் தேநீர் எடுத்துச் சென்றாள். அழைத்தாள். இருவரும் எழவில்லை. கணப்பு அப்போதும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு முன்னரே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். பருவம் தொடங்கும் முன்பே காஸி சொன்னான்: “மாமா, காத்து கெட்டா அணைக்கிற உறுப்பு இந்தச் சரக்குல கிடையாது. அதப் போட்டா விலை ஏறிடும். யாரு திறந்து பாக்கப் போறா?” நான் அவனைக் கண்டித்தேன். பிறகு, உம்மு ரீமின் பெயரில் கைப்பிடி சுடும் குறையை எழுதினேன். ஏதேனும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று என்று தோன்றியது.

பூ தலாலும் அவர் மனைவியும் இறந்ததற்கு நானே காரணம் என்று தாங்கள் எழுதியிருக்கும் வாசகத்தில் எனக்கு மறுப்பில்லை. கையொப்பம் இடுவேன். ஆனால் பகையால் செய்தேன் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர்மேல் எனக்குப் பகையே கிடையாது. நெறியாளன்மேல் ஐயம் விழுந்தால் மன்றம் சிதறும். பின்னர் மக்கள் எவர் சொல்லை நம்பி வாங்குவர்? அவருடைய நினைவிற்கென ஓர் இரங்கல் பக்கம் திறந்திருக்கிறேன். உம்மு ரீம் அதில் எழுதியதைப் படித்து நானே கண்கலங்கினேன்.

இந்தக் கோப்பையை நான் இன்னும் தொடவில்லை, ஐயா. கவனித்திருப்பீர்கள். எனக்கு ஒரு தேவை இருக்கிறது, மன்றத்தை முடக்காதீர்கள். இரங்கல் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கருவியைப் பரிந்துரைத்திருக்கிறேன். கூடாரத்துள் காற்று கெட்டால் மணி அடிக்கும். இன்னோர் உயிர் போகக்கூடாதல்லவா? அது இப்போதைக்குக் காஸியின் கடையில் மட்டுமே கிடைக்கிறது. உம்மு ரீம் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டாள். ஒலி சற்றுக் குறைவு, மற்றபடி நிம்மதியாக உறங்கலாம் என்று எழுதியிருக்கிறாள்.