சாவிப் பலகையை ஆண்ட எங்கள் அக்காவுக்கு

கரடுமுரடான கடற்கரையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவரே! பாறைக்கும் பாசிக்கும் பயப்படாமல், பரிந்துரையோடு வந்த பெரிய மனிதர்களுக்கும் வளைந்து கொடுக்காமல், இந்தத் தேசியப் பூங்காவின் வாயிலில் முப்பது ஆண்டுகள் நின்ற புன்னகையே! பணி நிறைவு பெறும் எங்கள் வாயில் காவலர் அக்காவே, வணக்கம்!

குகைக் கரைக்கு இறங்குகிறவர்கள் வண்டிச் சாவியை உங்கள் பலகையில் மாட்டிவிட்டே இறங்க வேண்டும். பலகை காலியாகாமல் வாயிலைப் பூட்டக் கூடாது. இது நீங்கள் போட்ட சட்டம். முகம் சுளித்த ஓர் அதிகாரியிடம், "காரு பத்திரமாத்தான் இருக்கும் சார். நீங்க திரும்பி வந்துட்டீங்களான்னு எனக்குத் தெரியணும்ல" என்றீர்கள். அவரும் சாவியை மாட்டிவிட்டே இறங்கினார்.

அந்த மழை நாளை மறக்க முடியுமா? கடல் பொங்கி ஏறுகிறது, பலகையில் ஒரு சாவி மட்டும் தொங்குகிறது. யாரோ கீழே மாட்டிக்கொண்டார்கள் என்று, நாங்கள் தடுத்தும் கேளாமல், கயிற்றோடு இறங்கினீர்கள். குகை வாசலில், நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த பாறைமேல், ஒரு புதுமணத் தம்பதி கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இருவரையும் திட்டிக்கொண்டே கரையேற்றினீர்கள். மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பேருந்தில் வந்தவர்கள் என்று. அவர்களிடம் சாவியே இல்லை!

பலகையில் தொங்கியது உங்கள் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சாவி. அன்று அதில் வந்த நீங்களே, கை போன போக்கில் காலையில் மாட்டிவிட்டு மறந்திருந்தீர்கள். "அப்போ என்னைத் தேடித்தான் நான் ஓடியிருக்கேன்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் அழுகையை நிறுத்திச் சிரித்தாள். மறுநாள் முதல், பேருந்தில் வருகிறவர்கள் தொப்பியையோ குடையையோ மாட்ட வேண்டியதாயிற்று. ஒன்றும் இல்லாதவர்களின் ஒற்றைச் செருப்பும் அந்தப் பலகையில் தொங்கியதுண்டு!

அக்கா, நீங்கள் போவது எங்களுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் நோய்நொடி அண்டாமல், வீட்டுக்காரரோடும் பேரப்பிள்ளைகளோடும் நூறாண்டு வாழுங்கள். அவர்களையும் இப்படியே அதட்டி மகிழுங்கள்!

ஒரு செய்தி. இன்று உங்கள் சாவியை நாங்களே பலகையில் மாட்டியிருக்கிறோம். அதை நீங்கள் எடுக்கும்வரை வாயிலைப் பூட்ட மாட்டோம். மெதுவாகவே வந்து எடுங்கள், அக்கா. எங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அதட்டலுக்குப் பழகிப்போன
பூங்கா ஊழியர்கள்