வளைவில் நின்ற கார்

வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டால் மெக்கானிக்குக் கவலையில்லை, ஐயா. காரணமும் அங்கேயே நிற்கும். விட்டு விட்டு வருகிற கோளாறுதான் தொல்லை. ஷெட்டுக்குள் நல்ல பிள்ளையாக ஓடும். மலை ஏறினால் நிற்கும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு. போடியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், காசிமாயன் ஒருவரை அதட்டிப் பேசியதாகச் சொல்ல மாட்டார்கள்.

அது ஏலக்காய் வியாபாரி ஹபீப் ரஹ்மான் பாயின் கறுப்புக் கார். இருபத்திரண்டு வருஷத்து வண்டி. இந்த எண்பத்தோராம் வருஷம் ஐப்பசியில் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. எங்கள் என்றால் நானும் திருப்பதியும். லாரி கழுவிய காலத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக இருந்தோம். பதினான்கு வருஷமாக ஒரே ஷெட். அவன் தூக்குச்சட்டியை நானும் என்னுடையதை அவனும் கேட்காமலே திறந்து சாப்பிடுவோம்.

"மெட்டு ஏறையில வளைவுல சட்டுனு எஞ்சின் நின்னுருது காசிமாயா. ஆரனும் அடிக்க மாட்டேங்குது. பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது" என்றார் பாய்.

ஆரனும் சேர்ந்து போகிறதென்றால் பெட்ரோலில் கோளாறில்லை, கரண்டில்தான். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். கண்டன்சரை மாற்றினேன். பிளாட்டினம் மாற்றினேன். காயில் மாற்றினேன். நான்கு தடவை நானே போடிமெட்டு வரைக்கும் ஓட்டிப் போனேன். இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவை நிற்கவில்லை. எட்டு நாள் இப்படிப் போயிற்று. கடைவீதியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாயே ஒரு நாள் சிரித்துக்கொண்டு, "திருப்பதிகிட்ட விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்ங்கிறாங்கப்பா" என்றார்.

திருப்பதியும் கேட்டான். "நான் ஒருக்கா பாக்கட்டுமா மாப்ளே?"

வேண்டாம் என்றேன்.

அந்த வாரத்தில்தான் டீக்கடை அமாவாசை ஒரு சேதி சொன்னான். ராசிங்காபுரம் ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் திருப்பதியும் பாயும் நின்று நீள அகலம் அளந்துகொண்டிருந்தார்களாம். திருப்பதி என்னிடம் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் காத்திருந்தேன், அவனாகச் சொல்வான் என்று. அவன் மழையைப் பற்றிப் பேசினான்.

ஒன்பதாம் நாள் கோளாற்றைக் கண்டுபிடித்தேன். காரின் முன்சீட்டில் மல்லாந்து படுத்து, சாவி போடுகிற இடத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஒரு வயர் நடுவில் அறுபட்டு, முறுக்கிச் சேர்த்து, மேலே டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் முறுக்கு லூசாக இருந்தது. வண்டி வளைவில் சாயும்போது பிரியும், நிமிரும்போது ஒட்டும். அவ்வளவுதான் கோளாறு. ஆனால் டேப் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நான் வலப்பக்கம் சுற்றுகிறவன். திருப்பதி நொட்டாங்கைக்காரன்.

அவன் வெளியே ஒரு டிராக்டருக்குக் கீழே வேலை செய்துகொண்டு சீட்டியடிப்பது கேட்டது. என்னை எட்டு நாள் ஊர் சிரிக்க விட்டுவிட்டு, மத்தியானமானால் என் ரசத்தை ஊற்றிக் குடித்திருக்கிறான். எனக்கு வந்தது கோபமில்லை, ஐயா. கோபமென்றால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பேன்.

டேப்பைப் பழையபடியே சுற்றி வைத்தேன். அவன் வீட்டுக்குப் போன பிறகு வண்டிக்குக் கீழே படுத்து பிரேக் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். மிதிக்க மிதிக்க எண்ணெய் கசியும். ஊருக்குள் தெரியாது. மலையில் தெரியும். வளைவில் நிற்கிற வண்டி என்று ஊருக்கே தெரிந்த வண்டி அது. ஏற்றத்தில் நின்று பின்னால் உருண்டுவிட்டது என்றால் யாரும் காரணம் தேட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் சொன்னேன், "மாப்ளே, நீயே ஒருக்கா மெட்டுக்கு ஏத்திப் பாரு."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீயும் வா. ரெண்டு பேரா இருந்தா காது குடுத்துக் கேட்டுக்கிட்டே போலாம்."

"எனக்குச் சோலி கெடக்கு."

அப்போது அவன் மனைவி செல்லக்கிளி சோறு கொண்டுவந்தாள். போடிமெட்டில் அவளுடைய தங்கச்சிக்குக் காய்ச்சல். வண்டி அங்கேதான் போகிறது என்றதும் தானும் வருவதாகச் சொன்னாள். "பஸ்சுக்கு நிக்க வேணாம்லண்ணே. வெரசாப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று என்னிடம்தான் சொன்னாள். பின்சீட்டில் ஏறினாள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. வெளியிலிருந்து அழுத்த வேண்டும். நான்தான் அழுத்திச் சாத்தினேன்.

அவளை இறக்கியிருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். இறக்கியிருந்தால் அவன் ஏன் என்று கேட்டிருப்பான்.

பதினோரு மணி பஸ்சில் வந்தவர்கள் கார் பள்ளத்தில் கிடப்பதாகச் சொன்னார்கள். முதல் ஆளாக நான்தான் ஓடினேன். கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கி இரண்டு பேர் உடலையும் மேலே ஏற்ற உதவினேன். பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஷெட் தரையில் சிந்தியிருந்த பிரேக் எண்ணெயை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அது என் கவனக்குறைவு. அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை.

உங்கள் வண்டி ஆய்வாளர் நேற்று என்னை ஸ்டேஷன் ஜீப்புக்குள் மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு வயரில் டேப் சுற்றச் சொன்னார். சுற்றினேன். எழுந்து பார்த்தால் இடப்பக்கமாக இருந்தது. படுத்துக்கொண்டு சுற்றினால் வலதுகைக்காரனுக்கு அப்படித்தான் வரும் என்றார். அந்தக் காரில் மூன்று வருஷத்துக்கு முன்னால் சாவி சுவிட்சை மாற்றியது யார் என்றும் கேட்டார். நான்தான் மாற்றினேன். டேப் சுற்றியதாக ஞாபகமில்லை.

பாய் உங்களிடம் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் புது இடம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்றும், முடிவான பிறகு என்னிடம் சொல்லலாமென்று திருப்பதி கேட்டுக்கொண்டான் என்றும். செத்தவனைப் பற்றி யார்தான் குறையாகச் சொல்வார்கள்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்கிறீர்கள். பதினான்கு வருஷம் ஒரே ஷெட்டில் இருந்தவன் நான். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். அவன் சொன்னால் நான் நம்பிவிடுவேன், ஐயா. அதனால்தான் கேட்கவில்லை.