பக்தி நேரம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை சார். உங்கள் ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். என் கம்பெனியில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

சங்ககிரியில் டயர் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். லாரி டிரைவர் கண்ணயர்ந்தால் அலறுகிற கேமரா பெட்டி செய்கிறோம். டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு விநாடி மூடினால் ஊரைக் கூட்டிவிடும். நல்ல பெட்டி. செய்தவள் சௌந்தர்யா. கெடுத்தவன் நான் என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். சின்னப் பெண், கோபம் இருக்கத்தானே செய்யும்.

எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் லாரி ஓனர் பொன்னன். பெட்டியை மாட்டிய வாரமே போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, எங்க டிரைவருங்க கோயிலத் தாண்டறப்ப கண்ண மூடிக் கும்புடுவாங்க. உங்க பொட்டி அதுக்குப் போயி கத்துதுங்க. முனியப்பனுக்கே ஹாரன் அடிக்கறாப்பல இருக்குது. கழட்டீட்டுப் போயிருங்க."

அவர் போனால் கம்பெனியே இல்லை. சௌந்தர்யா ஒரு வழி சொன்னாள்.

"கோயில் இருக்கற எடத்துல மட்டும் கத்தாம பண்ணிறலாங்ணா. எல்லாத்தயும் மேப்புல குறிக்கோணும், ஒரு மாசம் ஆவும்."

பொன்னன் ஒரு மாதம் காத்திருப்பாரா? நம் பக்கம் கோயில் இல்லாத திருப்பம்தான் ஏது? நான் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். மூன்று விநாடி வரை கண் மூடியிருந்தால் அது தூக்கமல்ல, கும்பிடுதல். அதற்குப் 'பக்தி நேரம்' என்று பெயரும் வைத்தேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது. பொன்னன் பஞ்சாமிர்தம் அனுப்பினார்.

கொஞ்ச நாளில் சௌந்தர்யா லேப்டாப்போடு வந்து நின்றாள். எங்கள் டிரைவர்களின் பக்தி விடியற்காலையில்தான் உச்சத்தில் இருந்தது. அதுவும் கோயிலே இல்லாத பைபாஸில்.

"இது கும்புடறதில்லீங்ணா, தூங்கறாங்க. இன்னிக்கே மாத்தீருங்க."

அவள் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஆனால் அன்று மாலை முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அலறல் குறைந்ததை முன்னேற்றம் என்று காட்ட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் வேலையை விட்டாள். கேக் வெட்டி அனுப்பிவைத்தோம்.

அடுத்த வாரம் பொன்னனின் டிரைவர் வெள்ளியங்கிரி, ஓரமாக நின்ற டிரெய்லரில் வண்டியோடு போய் மோதிச் செத்தார். பெட்டியில் பதிவான படத்தைப் பார்த்தேன். தலை சாய்கிறது, கைகள் ஸ்டியரிங்கிலிருந்து நழுவுகின்றன. கீழே பச்சை எழுத்தில் 'பக்தி நேரம்' என்று வருகிறது. மூன்று விநாடி முடியுமுன்பே படம் நின்றுவிடுகிறது.

அவர் மனைவி கமலவேணி வெண்ணந்தூரிலிருந்து ஆபீஸுக்கு வந்தார்.

"குடிச்சுட்டு ஓட்டுனாருன்னு ஊரே பேசுதுங்க. நெசத்தச் சொல்லுங்க சாமி."

கடைசியாகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார் என்றேன். பச்சை எழுத்தை மட்டும் காட்டினேன். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது, நடிப்பில்லை.

அவர் போனதும் படத்தை அழித்தேன். எண்ணை மாற்றவில்லை, மாற்றினால் முன்பு தப்பு செய்தோம் என்று ஆகிவிடுமே. இந்த நிமிஷம் ரோட்டில் ஓடுகிற பொன்னன் லாரி அத்தனையிலும் அதே மூன்று விநாடிதான்.

பெட்டி அவரை எழுப்பியிருக்கும், நான்தான் விடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சார், சாமி கும்பிடுகிறவரை நடுவில் தட்டி எழுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.