மௌன நிமிடங்களைக் காத்த அம்மையாருக்கு, இம்முறை கையெழுத்துடன்

அலைகடலின் மேல் அலைவரிசை விரித்த அம்மையீர்! கம்பியில்லாமல் காற்றில் கருத்தைக் கடத்திய கண்ணியமே! கண்ணாடிச் சாடிகளையும் செப்புச் சுருளையும் கொண்டு கப்பல்களைப் பேசவைத்த கைகாரரே! முப்பத்தொரு ஆண்டுகள் இக்கம்பியில்லாத் தந்தி நிலையத்தைத் தலைமையேற்று நடத்திய தகைமையே! தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் நிலையப் பணியாளர் பதினொருவர் கைகூப்பி வணங்குகிறோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, பெற்ற தாயே சோறு போட்டாலும் முகர்ந்து பார்த்துத்தான் உண்பான் என்று பெயரெடுத்த, 'தோண்டித்துருவி' என்று தாங்களே பட்டம் சூட்டிய துணை இயக்குநனாகிய எனக்கு வந்தது. யார் சொல்லி வந்தது என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் வேலையாகத்தான் இருக்கும் என்று இப்போதும் சந்தேகிக்கிறேன்.

சந்தேகம் தங்களுக்குப் புதிதன்று. பட்டத்தின் வாலில் கம்பி கட்டிப் பறக்கவிட்டு, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் நின்ற கப்பலை முதன்முதல் தாங்கள் அழைத்தபோது ஊரே சிரித்தது. அன்று பட்டத்தின் கயிற்றைப் பிடித்திருந்தவர் தங்கள் கணவர். இதோ, முன்வரிசையில் வீற்றிருக்கிறார். "எங்கயோ ஒரு கம்பிய ஒளிச்சு வெச்சிருக்கா, எனக்குத்தான் காட்ட மாட்டேங்கறா" என்று சற்றுமுன் கூட என்னிடம் முணுமுணுத்தார். கட்டியவரே நம்பாதபோது கூட வேலை பார்த்தவர்கள் எம்மாத்திரம்!

மணிக்கு இருமுறை, மும்மூன்று நிமிடம், எந்த நிலையமும் எதையும் அனுப்பலாகாது என்பது எங்கள் தொழிலின் தலையாய கட்டளை. ஆபத்தில் சிக்கிய மெல்லிய குரல் ஏதேனும் அப்போதாவது காதில் விழட்டும் என்று உலகமே வாய்மூடிக் கேட்கும் நேரம் அது. நம் அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு மை தீட்டியவர் தாங்கள். அந்த நேரத்தில் தும்மியவரைக்கூட முறைத்தவரும் தாங்களே.

அப்படிப்பட்ட தாங்கள், அந்த மூன்று நிமிடங்களில் மட்டும் தங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். உள்ளிருந்து செய்தி தட்டும் சாவியின் 'டக் டக்' ஓசை வந்தது. எங்களுக்குக் காது சும்மா இருக்குமா? ஊருக்கு உபதேசம், தனக்கில்லையா என்று பொருமினோம். யாருக்குத் தட்டுகிறார்? எந்த நாட்டுக்கு? மேலிடத்துக்கு மொட்டைக்கடிதம் போட்டோம். வாசகம் என்னுடையது, தபாலில் சேர்த்த கை மட்டும் வேறு. பதில் வரவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன், மேகமே இல்லாத ஒரு பிற்பகலில், கையும் களவுமாகப் பிடிக்கத் துணிந்தேன். சாமான் அறையில் இருந்த உபரிக் கருவியை முடுக்கி, சிவப்பு நிமிடம் தொடங்கியதும், பொய்யான ஒரு கப்பலின் பெயரில் தங்களை அழைத்தேன். பதில் தட்டினால் அகப்பட்டீர்கள்! மௌனத்தை மீறுகிறவரைப் பிடிக்க மௌனத்தையே மீறிய மடமை என்னுடையது.

தாங்கள் பதில் தட்டவில்லை. சாமான் அறைக் கதவு திறந்தது. கழுத்தில் தொங்கும் காதுக்கருவியின் ஒயர் தரையில் இழுபட, தாங்கள் உள்ளே வந்து, சாவியின் மேலிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள்.

"கைய எடுங்க தம்பி. நீங்க போடற சத்தத்துக்கு அடியில ஒரு படகு கூப்பிடுது."

தங்கள் பின்னாலேயே தங்கள் அறைக்கு ஓடிவந்தேன். மேசையில் அந்தச் சாவியைக் கண்டேன். அதன் ஒயர் பாதியில் வெட்டப்பட்டு, துணி சுற்றிக் கிடந்தது. அதில் தட்டினால் எறும்புக்குக் கூடக் கேட்காது. காதில் விழுந்ததை விரலால் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என் காத நான் நம்ப மாட்டேன் தம்பி. விரலும் கேக்கணும்" என்றீர்கள். நாங்கள் தங்களைச் சந்தேகித்தோம். தாங்கள் தங்களையே சந்தேகித்தீர்கள். வெட்கத்தில் நான் சுவரோடு சுவராக நின்றேன். நீர் புகுந்த படகின் இருப்பிடத்தை எழுத்தெழுத்தாகப் பிடித்து, அருகிலிருந்த கப்பலைத் திருப்பி, ஒன்பது பேரையும் கரைசேர்த்தீர்கள்.

என் அசட்டுத்தனத்தால் வீணானது ஒன்றரை நிமிடம். அதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. 'இடி மின்னலால் இரைச்சல்' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். வானம் தெளிவாக இருந்த நாளில் இடியா என்று அவர்களும் சந்தேகித்தார்கள். கவனக்குறைவு என்று தங்கள் பேரில் குறித்தார்கள். நிலையத்தை நிறுவியவர் என்று தங்கள் பெயர் பொறித்து வாசலில் மாட்டவிருந்த பித்தளைத் தகட்டை நிறுத்திவிட்டார்கள். அதற்காகத் துளைத்த இரண்டு ஆணித் துளைகள் மட்டும் சுவரில் நின்றன. எட்டு ஆண்டுகள் அவற்றைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தேன். ஒருநாளும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். தாங்களும் ஒருநாளும் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்பீர்களோ என்று அஞ்சியே தங்கள் சிரிப்பையெல்லாம் சந்தேகித்தேன்.

அம்மையீர்! அன்று இடி இடிக்கவில்லை. இடித்தவன் நான். தங்கள் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் மேலிடத்து ஆய்வாளர் அமர்ந்திருப்பதை அறிந்தே இதை உரக்கப் படிக்கிறேன். இம்மடலின் நகல் அவர் கையிலும் இருக்கிறது. என்னை என்ன செய்வது என்பது அவர் பாடு.

காதும் விரலும் கடைசிவரை தங்களுக்கு ஒத்துழைக்கட்டும்! காற்றுள்ள வரை தங்கள் கீர்த்தி கரைசேரட்டும்! கணவரும் கயிற்றை விடாமல் கூடவே வரட்டும்! வாழ்க! வளர்க! தகடு வரும்வரை, சட்டமிட்ட இம்மடலை அந்த இரண்டு துளைகளில் நாங்களே மாட்டுகிறோம். அளவெடுத்துத்தான் சட்டம் செய்திருக்கிறோம்; சந்தேகமிருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
முன்பு பெயரில்லாமல் எழுதி, இன்று பெயரோடு கையெழுத்திடும்
நிலையப் பணியாளர் பதினொருவர்.
முதல் கையெழுத்து: தோண்டித்துருவி.